காணாமல் போன நாற்றம்

அத்தியாயம் ஏழு

எம்பாருக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பது திருவள்ளூரில் எல்லோருக்கும் தெரியும். அந்த மூக்கினால் வேறு பிரயோசனம் இல்லை என்பது அவருடைய உதவியாளன் ஜெயராஜுக்கு மட்டும் தெரியும். நான்கு தலைமுறையாகப் பெருமாள் கோயில் மடப்பள்ளியில் சமைத்த குடும்பம். சாமிக்குப் படைக்கும் முன் எதையும் முகர்ந்து பார்க்கக் கூடாது என்று, பூவை முகத்தருகே கொண்டு போனதற்கே முதுகில் வாங்கி வளர்ந்தவர். நாற்பது வயதில் துப்பறியும் தொழிலுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. முகர்கிற வேலையெல்லாம் ஜெயராஜுடையது.

அன்று புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே, ஆலந்தோப்புப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் ராஜ்தூத் மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போதே எம்பாருக்குக் கோபம் வந்துவிட்டது. புங்க மரத்தடியில் மோசஸ் நின்றிருந்தான். தோளில் நான்கு மாதக் குழந்தை, அழுது அழுது தொண்டை கம்மிப் போயிருந்தது. உள்ளே பெஞ்சில் அதன் அம்மா, மோசஸின் மனைவி கிரேஸ். இரண்டுக்கும் நடுவே இருபதடி தூரமும் சப்-இன்ஸ்பெக்டர் வரதனும்.

"பச்சைக் குழந்தைக்குப் பால் கொடுக்கக்கூட விடமாட்டீரா?" என்றார் எம்பார்.

"அக்யூஸ்டு சார். ரூல் இருக்கு."

"என்ன ரூல்? நம்பரைச் சொல்லும், எழுதிக்கறேன்."

வரதன் மேஜை டிராயரைத் திறந்தான், மூடினான், காதைச் சொறிந்தான். பிறகு மோசஸை உள்ளே வரச் சொல்லிக் கையைக் காட்டினான்.

விஷயம் இதுதான். மகளிர் கைவினைச் சங்கத்தின் ஷெட் வியாழக்கிழமை மத்தியானம் எரிந்துபோனது. உள்ளே இருந்தவை, கைப்பை தைப்பதற்காக சர்க்கார் கோட்டாவில் வந்த நாற்பது ரெக்ஸின் சுருள்கள். வெளியில் ஒரு சுருள் ரெக்ஸினுக்கு வியாபாரிகள் நாயாய்ப் பேயாய் அலைந்த காலம் அது. சாம்பலில் ஒரு பித்தளைத் தூபக்கால் கிடைத்தது. ரெக்ஸின் நாற்றம் போகட்டும் என்று கிரேஸ் சாம்பிராணி போட்டாள், அதிலிருந்து பற்றிக்கொண்டது என்று சங்கத்துச் செக்ரட்டரி சுப்பராயன் எழுதிக் கொடுத்துவிட்டார். ஷெட் சாவி இருந்தது அவளிடம்தான். மாலை ஐந்து மணிக்கு மாஜிஸ்திரேட், அங்கிருந்து நேரே ஜெயில்.

"கைக்குழந்தை கூடவே போகலாம் சார், அதுக்குத் தடை இல்ல" என்றான் வரதன், ஏதோ தர்மம் செய்கிறவன் போல.

நாலு மாசக் குழந்தை ஜெயிலுக்கா! எம்பாருக்குக் காது மடல் சிவந்தது. தன்னை இந்தக் கேஸுக்கு வரவழைத்த புண்ணியவதியை மனசுக்குள் வாழ்த்தினார். சங்கத்தின் பிரசிடென்ட் லட்சுமியம்மாள்தான் ஆளனுப்பியிருந்தாள். கிரேஸை விடும்வரை ஊசியைத் தொடமாட்டோம் என்று இருபது பெண்கள் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்காகவாவது ஒரு துப்பறிவாளரை வைப்போம் என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தாள்.

கிரேஸ் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தபடியே பேசினாள்.

"சரக்கு வந்த நாள்லேந்தே தலைவலி சார். புது ரெக்ஸினு, பிரிச்சா கொடலைப் புடுங்கும். கூடத் தைக்கற பூமா ரெண்டு வாட்டி வாந்தி எடுத்துட்டா. நாத்தம் போவட்டும், அப்பறம் தைக்கலாம்னு ஷெட்ல போட்டுப் பூட்டிட்டாங்க. ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, யாரும் தொறக்கல. எம்புள்ளைக்கு வாங்கின ரப்பர் சீட்டுகூட அப்படித்தான் நாறிச்சு. தவிட்டுல பொதைச்சு வெச்சேன், எல்லாத்தையும் தவிடு இழுத்துக்கிச்சு. அதைத்தான் சங்கத்து மீட்டிங்ல சொல்லிக்கினு இருந்தேன். பாதி சொல்றதுக்குள்ள பெரியவங்க எழுந்து போய்ட்டாங்க."

"சாம்பிராணி போட்டியாம்மா?"

"எங்க ஊட்ல சாம்பிராணியே கெடையாது சார்."

ஜெயராஜ் சிரித்தான். "இவங்க சபைதான் சார் நானும். சாம்பிராணி பொகையற ஊட்ல எங்க பாஸ்டர் காபிகூட குடிக்க மாட்டாரு. தூபக்காலைக் கொண்டாந்து வெச்ச ஆளுக்கு அது தெரியல. நாத்தம்னா சாம்பிராணி, அவ்ளோதான் அந்த மூளை."

"எஃப்.ஐ.ஆர்ல சபைக்கெல்லாம் கட்டம் கெடையாதுப்பா" என்றான் வரதன்.

"ஷெட்டுக்கு வேற சாவி உண்டா?" எம்பார் கிரேஸிடம் கேட்டார்.

"ஒண்ணு சங்கத்து பீரோவுல இருக்குது. செக்ரட்டரியும் தொறப்பாரு, பிரசிடென்ட் அம்மாவும் தொறப்பாங்க."

எம்பார் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரை. ஐந்து மணிக்கு இன்னும் ஆறரை மணி நேரம்.

எரிந்த ஷெட்டில் செக்ரட்டரி சுப்பராயன் குடையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். கக்கத்தில் ஒரு கைப்பை. இவர்களைப் பார்த்ததும் ஆரம்பித்தார்.

"இதுங்க கையில சாவி குடுத்ததே தப்பு சார். நேத்துவரைக்கும் வயல்ல களை பறிச்சதுங்க. இன்னைக்கு மிஷின் வேணும், நாத்தமில்லாத சரக்கு வேணும்!"

"களை பறிச்சவங்க தைச்ச பையைத்தானே கக்கத்துல இடுக்கிண்டு நிக்கறீர்?" எம்பார் கத்திய கத்தலில் கூரைக் கம்பத்தில் இருந்த காக்கை பறந்தது. "வெட்கமா இல்லை உமக்கு?"

சுப்பராயன் குடையை விரித்துக்கொண்டு தள்ளிப் போனார். வெயிலே இல்லை.

அதற்குள் ஜெயராஜ் சாம்பலில் மண்டியிட்டு, ஒரு கை அள்ளி முகர்ந்துகொண்டிருந்தான். நெற்றியெல்லாம் கரி. "சார், இதுல இன்னாவோ பேஜாரு இருக்குது."

"என்ன?"

"போன வருசம் நான் இருந்த பேக்டரில ரெண்டே ரெண்டு ரெக்ஸின் சுருள் எரிஞ்சுது. பத்து நாளு ஊரே மூக்கைப் புடிச்சுக்கினு திரிஞ்சுது. எங்க மாமியாருகூட ஊட்டுப் பக்கம் வரல, அந்த ஒரு நல்லதுதான் நடந்துச்சு. இங்க நாப்பது சுருள்! மோந்து பாத்தா வைக்கோலும் கோணிச் சாக்கும் எரிஞ்ச வாசனைதான் வருது."

எம்பார் அவனையே பார்த்தார். "அப்படின்னா ரெக்ஸின் எரியவே இல்லை."

"எரியல சார். எங்கேயோ குந்திக்கினு நாறிக்கினு இருக்குது."

"எரிக்காமலே எரிச்சதா ஒரு பொண்ணைப் பிடிச்சு உட்கார வெச்சிருக்கான்கள்!" எம்பார் காலால் ஒரு தகரத்தை எட்டி உதைத்தார். கட்டை விரலில் பட்டது, அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டார். "நாற்பது சுருளை எந்த மூலையிலும் ஒளிச்சு வெக்கலாம். அதோட நாத்தத்தை ஒளிச்சு வெக்க முடியாது. வண்டியை எடு. சரக்கைத் தேடாதே, நாத்தத்தைத் தேடு."

தேடினார்கள். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட், லாரி ஆபீஸ், சுப்பராயனின் வீட்டுக் கொல்லை, அவர் மச்சானின் உரக் கடை, ஒன்றும் பாக்கியில்லை. ஜெயராஜின் மூக்குக்குக் கருவாடு கிடைத்தது, யூரியா கிடைத்தது, ஓர் இடத்தில் செத்த பெருச்சாளி கிடைத்தது. ரெக்ஸின் கிடைக்கவில்லை. மணி பன்னிரண்டரை.

"பிரசிடென்ட் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்" என்றார் எம்பார். அந்த அம்மாள் ஊர்ப் பெருமாள் கோயிலில் இருந்தாள். வருஷா வருஷம் புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமைத் தயிர்சாதம் அவளுடைய உபயம்.

கோயிலுக்குள் நுழையும்போதே இரைச்சல். தொன்னையும் கையுமாக நூறு பேர் நிற்கிறார்கள், பாதிப் பேர் தூணோரமாய்த் துப்புகிறார்கள். நடுவில் மடப்பள்ளிச் சமையற்காரர் அனந்தபத்மநாபன், ஈரத் துண்டோடு நின்றார். அவர் முன்னால் லட்சுமியம்மாள். பட்டுப் புடவை, இடுப்பில் சாவிக்கொத்து, முகத்தில் ஜொலிக்கிற மூக்குத்தி.

"எங்க நைனா காலத்துலேந்து இந்தக் கோயிலுக்கு அரிசி குடுக்கறோம். ஒருநாள் இப்படி ஆனதுண்டா? ஆடி மாசமே என் கையால பொடைச்சு, மூட்டை கட்டி, எங்க மில்லுல தனி ரூம்ல வெச்சுப் பூட்டினேன். அந்தச் சாவி என் இடுப்பை விட்டு எறங்கல. ஒரு ஈ எறும்பு தொட்டதில்ல! அவ்வளவு மடியா வெச்ச அரிசி. கெடுத்தது யாரு? நீதானே! கெரசின் கையோட அன்னத்தைத் தொட்டியா? நாளையிலேந்து மடப்பள்ளிப் பக்கம் வராதே!"

எம்பாரின் அப்பாவோடு மடப்பள்ளியில் சமைத்த அந்தக் கிழவர் எம்பாரைப் பார்த்துவிட்டார். "எம்பார், நீயே சொல்லுடா. பகவானுக்கு முன்னாடி நான் மோந்து பாக்க முடியுமோ? கொதிக்கறச்சே மூஞ்சியைத் திருப்பிண்டு நிக்கறவன்டா நான். உங்கப்பாவும் அப்படித்தானே நின்னார்?"

எம்பார் கிழவரின் பக்கத்தில் போய் நின்றார். காலையில் ஒருத்தி, மத்தியானம் ஒருவர். இந்த ஊரில் பழி எப்போதும் எதிர்த்துப் பேச முடியாதவர்கள் தலையில்தான் விடிகிறது.

ஜெயராஜ் அதற்குள் ஒரு தொன்னையை வாங்கி வாயில் போட்டுவிட்டான். பசி வந்தால் அவனுக்குப் பாஸ்டர் நினைவு வராது. மென்றான். நின்றான். எம்பாரின் காதருகே வந்தான்.

"சார், இது தயிர்சாதம் இல்ல. ஹேண்ட்பேக்."

"என்னடா உளர்றே?"

"சத்தியமா சார். ஒரு ஜிப் வெச்சா தோள்ல மாட்டிக்கினு போலாம்."

எம்பார் தொன்னையை வாங்கினார். கை பழக்கத்தால் தயங்கியது. நைவேத்தியம் ஆகிவிட்டது, பெருமாள் வாங்கிக்கொண்டாயிற்று, இனித் தடை இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பிடி அன்னத்தை மூக்கருகே கொண்டு போய் நன்றாக இழுத்து முகர்ந்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. தயிரையும் இஞ்சியையும் தள்ளிக்கொண்டு, புதுப் பை ஒன்றைத் திறந்தது போல, குப்பென்று அடித்தது.

முகத்தில் எதையும் காட்டாமல் லட்சுமியம்மாளிடம் போனார். "ரெக்ஸின் எரியலைம்மா. யாரோ முன்னாடியே கடத்திட்டு வைக்கோலைக் கொளுத்தியிருக்கா."

அவள் கையை மார்பில் வைத்துக்கொண்டாள். "அட பாவி! அப்ப சுப்பராயன்தான். பீரோ அவன் கையிலதானே இருக்குது? பட்டணத்துல எவனுக்கோ வித்துட்டிருப்பான். பாவம், அந்தக் கிரேஸ் பொண்ணு!"

அரிசி மில் ஊருக்கு வெளியே, கால்வாய்க் கரையில் இருந்தது. வழியெல்லாம் எம்பார் சுப்பராயனைத் திட்டிக்கொண்டே வந்தார். மில்லில் சரக்கைப் பதுக்கி அம்மாளின் அரிசியையும் கெடுத்துவிட்டான் என்பது அவர் கணக்கு. மில் ஆள் வீரராகவன் புருவமெல்லாம் தவிட்டுத் தூசியோடு எதிரே வந்தான்.

"சுப்பராயன் கடைசியா எப்ப இங்க வந்தார்?"

"செக்ரட்டரியா? அவருக்குத் தவிட்டுத் தூசி ஆவாது சார். வாசல்லயே நின்னு நாப்பது தும்மலு தும்மிட்டுப் போயிடுவாரு. உள்ள கால் வெச்சதே இல்ல."

எம்பாரின் நடை நின்றது. "சாமி அரிசி எங்கே இருக்கு?"

வீரராகவன் கோடியில் இருந்த பூட்டிய அறையைக் காட்டினான். "அங்க நாங்க போவக் கூடாது, தீட்டு. ஒரு மாசமா தவிட்டையெல்லாம் விக்காம அதுக்குள்ளயே கொட்டச் சொல்லிட்டாங்க அம்மா. மேல ஜன்னல் வழியா கொட்டுவோம். மாட்டுக்காரங்க தவிடு கேட்டு தெனமும் சண்டை."

எம்பார் திரும்பிப் பார்ப்பதற்குள் ஜெயராஜ் மூட்டைகள் மேல் ஏறி, கம்பியில்லாத அந்த ஜன்னலில் பாதி உடம்பை நுழைத்துவிட்டான். மீதி உடம்பு தானாகவே உள்ளே போய் விழுந்தது. கொஞ்ச நேரம் இருமல். பிறகு குரல்.

"சார்! ஹேண்ட்பேக்கோட சொந்தக்காரங்க எல்லாம் இங்கதான் குந்திக்கினு இருக்காங்க!"

"நாற்பதுமா?"

"நாப்பதும். தவிட்டுக்குள்ள பொதைச்சிருக்குது. ஆனா சுருள்ல நாத்தமே இல்ல சார், கழுவிவிட்ட மாதிரி இருக்குது. பக்கத்துல அரிசி மூட்டைதான் நாறித் தொலையுது!"

எம்பார் அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பெரிய பித்தளைப் பூட்டு. கீறல் இல்லை, நெம்பிய அடையாளம் இல்லை. ஒரு ஈ எறும்பு தொட்டதில்லை.

பிறகு வந்த கோபம் அவர் அதுவரை அறியாத கோபம். சத்தமே இல்லாமல் வந்தது.

"ஜெயராஜ், என்னை எதுக்குக் கூப்பிட்டா தெரியுமா? மெட்ராஸ்ல எத்தனையோ பேர் இருக்கான். நாத்தம் சம்பந்தப்பட்ட கேஸுக்கு, மடப்பள்ளியில விசாரிச்சு, மோந்து பார்க்காத வம்சத்து ஆளாத் தேடிப் பிடிச்சிருக்கா. நான் ரெண்டு நாள் சுத்திட்டு சுப்பராயனைத் திட்டிட்டுப் போயிடுவேன், வாசல்ல உட்கார்ந்திருக்கற பொண்ணுகளுக்கும் சமாதானம் ஆயிடும். காலையில அவளை வாழ்த்தினேன்டா நான்!"

"கோச்சுக்காதீங்க சார்" என்றது ஜன்னல். "உங்க கூட ஒரு மூக்கும் சம்பளத்துக்கு இருக்குதுன்னு அந்தம்மாவுக்குத் தெரியல. மொதல்ல என்னைத் தூக்கி விடுங்க."

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் ராஜ்தூத் ஸ்டேஷன் வாசலில் நின்றது. வேன் தயாராய் உறுமிக்கொண்டிருந்தது. இருபது பெண்களும் அதன் முன்னால் கைகோத்து உட்கார்ந்திருந்தார்கள். லட்சுமியம்மாள் அவர்களிடம், "சட்டத்துக்கு முன்னால நாம என்னம்மா செய்ய முடியும்? வழி விடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கிரேஸ் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு படியில் நின்றாள். அழுது முடித்த முகம்.

எம்பார் லட்சுமியம்மாளையும் கிரேஸையும் உள்ளே வரச் சொன்னார். வீரராகவன் தோளில் சுமந்து வந்த சுருளை வரதனின் மேஜைமேல் தொம்மென்று போட்டான். தவிடு பறந்தது.

"மோந்து பாரும்" என்றார் எம்பார்.

வரதன் குனிந்தான். "ஒண்ணும் வரலியே."

"வராது. ஒரு மாசமாத் தவிட்டுல கெடந்திருக்கு. விற்கப் போனா நாத்தம் காட்டிக் கொடுத்துடும்னு பதுக்கியிருக்கா. அதுல இருந்த நாத்தம் பக்கத்து அரிசிக்குப் போச்சு. அந்த அரிசி கோயிலுக்குப் போச்சு. அங்கே சமைக்கறவர் முகர்ந்து பார்க்க மாட்டார். இன்னைக்குத் தின்னவன்தான் துப்பினான். இத்தனையும் இருந்தது அம்மாவோட சாமி அரிசி அறையில."

லட்சுமியம்மாளின் முகம் மாறவில்லை. குரல்தான் கொஞ்சம் உயர்ந்தது. "எவனோ கள்ளச் சாவி போட்டிருக்கான்! என் சாவியை யாராவது எடுத்திருப்பாங்க. நான் எந்நேரமும் இடுப்புலயே வெச்சுக்கினு இருக்க முடியுமா?"

"மத்தியானம் நூறு பேர் முன்னாடி, சந்நிதி வாசல்ல நின்னு சொன்னீங்க. சாவி இடுப்பை விட்டு எறங்கல, ஒரு ஈ எறும்பு தொட்டதில்லைன்னு. அதைச் சொல்லித்தான் அந்தக் கிழவரோட வேலையைப் பிடுங்கினீங்க." எம்பார் மேஜையில் ஓங்கி ஒரு அறை அறைந்தார். "பெருமாள் முன்னாடி சொன்னது பொய்யா? போலீஸ் முன்னாடி சொல்றது பொய்யா? ரெண்டுல எது வேணும்னு நீங்களே சொல்லுங்கோ!"

வாசலில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து கதவருகே வந்து நின்றார்கள். பெருமாளைப் பொய்யாக்க லட்சுமியம்மாளுக்கு நாக்கு வரவில்லை. வந்திருந்தாலும் அங்கே கேட்க ஆளில்லை.

"ஆமா, எடுத்தேன்!" என்று சீறினாள். "பீரோ சாவியை எடுத்தேன், சரக்கை எடுத்தேன், தூபக்காலையும் நான்தான் வெச்சேன். இதுங்களுக்கு எதுக்கு அந்தச் சரக்கு? நாறுது, தலை வலிக்குதுன்னு மூஞ்சியைச் சுளிச்சதுங்களா இல்லியா? பட்டணத்துல அதைத் தங்கமா வாங்கிக்கறான்." பிறகு கிரேஸின் பக்கம் விரலை நீட்டினாள். "எல்லாம் இவளாலதான்! தவிட்டுல பொதைச்சா நாத்தம் போயிடும்னு இவ சொன்னதைக் கேட்டுத்தான்யா வெச்சேன்! இவ பேச்சைக் கேட்டுத்தான் மாட்டினேன்!"

குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு கிரேஸ் அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்த அம்மாளை அவள் அப்படிப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"நீங்க எங்கம்மா கேட்டீங்க? தவிட்டுமேல நாலு வெரக்கடை ஒசரத்துக்கு அடுப்புக்கரியைப் பரப்பி மூடணும். இல்லாட்டி தவிடு குடிச்ச நாத்தம் பக்கத்துல இருக்கறதுமேல ஏறிடும். அதைச் சொல்றதுக்குள்ளதான் எழுந்து போய்ட்டீங்களே."

ஜெயராஜ் மேஜைமேல் கிடந்த சுருளில் ஒட்டியிருந்த தவிட்டைத் தட்டிவிட்டான்.

கிரேஸ் குழந்தையோடு படியிறங்கி மோசஸிடம் போனாள். வரதன் பெஞ்சைத் துடைத்து, லட்சுமியம்மாளை உட்காரச் சொன்னான். இந்தத் தடவை ரூல் நம்பரை யாரும் கேட்கவில்லை.